விருந்தில் வாசித்த பட்டப்பெயர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எனக்கு முன்போல் குரல் எழும்புவதில்லை, கடைசியில் இருப்பவளுக்கும் கேட்க வேண்டாமா? இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். இதில் கெட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஒரு பெண் நாலு பேரைச் சிரிக்க வைக்க ஆசைப்பட்டாள். ஆனாலும் கேட்டு முடிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் கனக்கும், முன்னாலேயே சொல்லிவிட்டேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

தொண்ணூற்றேழாம் வருஷம், மார்ச் மாதம். டில்லியில் ஒரு பெண்கள் கல்லூரி, அதை ஒட்டி நூற்றெண்பது பெண்கள் தங்கும் ஹாஸ்டல். அங்கே இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள் சுபாஷிணி. பிறந்து வளர்ந்ததெல்லாம் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பா சுந்தரேஷுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்ததும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடும்பம் கிளம்பியது. படிப்பு பாதியில் நிற்கக் கூடாதென்று இவளை மட்டும் ஹாஸ்டலில் விட்டுப் போனார்கள். பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் அவள் வளர்ந்த வீட்டு மாடியில் வேறு யாருடைய புடவையோ காயும். அந்த ஏக்கத்தை மறக்கத்தானோ என்னவோ, ஹாஸ்டலில் எந்தக் காரியம் என்றாலும் இவள்தான் முதலில் கையைத் தூக்குவாள். அந்த வருஷம் அவளையே விழாச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

வருஷ முடிவில் வரும் பிரிவு விருந்துதான் அங்கே பெரிய விழா. ஐம்பத்தெட்டுப் பெண்கள் கடைசி வருஷம் முடித்துப் போகிறார்கள். பிப்ரவரியிலிருந்தே சுபாஷிணி கையில் ஒரு நீல ஃபைலோடு திரிந்தாள். ஷாமியானா போடும் டென்ட்வாலாவிடம் நிறம் சொல்ல வேண்டும், நாற்காலிக்கு உறை உண்டா என்று கேட்க வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யாருடையது என்று இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். பானிபூரிக்கு அங்கே கோல்கப்பா என்று பெயர், அந்த வண்டியைக் கேட்டுக்குள் விட வார்டனுக்குத் தனிக் கடிதம். பாட்டு போடுகிறவன் ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவேன் என்று எழுதித் தர வேண்டும். பன்னீரா கோஃப்தாவா என்று மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. சமையற்காரர் மூன்றுக்கும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு, "பிட்டியா, எதைச் சொன்னாலும் நான் பன்னீர்தான் பண்ணப்போறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிற ஒவ்வொருத்திக்கும் இளையவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். டைட்டில் என்பார்கள் அதை. ஜிகினா ஒட்டிய ரிப்பனில் எழுதி, மேடைக்குக் கூப்பிட்டு, இரண்டு வரி கிண்டலோடு வாசித்துத் தோளில் மாட்டிவிடுவார்கள். அடுத்தவள் ஷாம்புவிலேயே தலைகுளிக்கிறவள், பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் கோயிலுக்குப் போகிறவள் என்று யாரையும் விட மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடிக்கும் கூத்து. வெளியாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அதனால் எதுவும் பொறுத்துக்கொள்ளும்படியாக இருக்கும்.

சுபாஷிணிக்கு இதையெல்லாம்விடப் பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. வெளியூர்ப் பெண் ஒவ்வொருத்திக்கும் டில்லியில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பது ஹாஸ்டல் சட்டம். லோக்கல் கார்டியன் என்று பாரத்தில் கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நாள் வெளியே தங்க முடியாது. மூன்று வருஷமாகக் கேட்டருகே நின்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுப் போகிற அந்த மாமா, சித்தப்பாக்களை ஒரு தடவையாவது உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் என்ன? வார்டனிடம் சொன்னாள். "அச்சா ஐடியா" என்று வார்டன் முகம் மலர்ந்தது. ஐம்பத்தெட்டுப் பேரின் பொறுப்பாளர்களுக்கும் அழைப்பு போயிற்று.

நீல ஃபைலில் முன்பக்கம் விருந்தாளிகள் பட்டியல், பின்பக்கம் பட்டப்பெயர்ப் பட்டியல். ஒன்றையும் மற்றொன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஃபைல் அவள் கையில்தானே இருந்தது, அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது அவளுடைய அறைத்தோழியைச் சொல்கிறேன். பெயர் தமிழ்செல்வி. கடைசி வருஷம். விருத்தாசலம் பக்கத்துப் பெண். அப்பா கலியமூர்த்தி சர்க்கரை ஆலையில் எடை போடும் வேலை. இவளுக்கு ஒரு அக்கா, செந்தாமரை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ராவோடு ராவாகப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவர்களும் மறைந்திருந்தார்கள், கோபக்காரச் சொந்தங்கள் அப்படி. மூத்தவள் போனதும் இளையவளையும் படித்தது போதும் என்று நிறுத்தப் பார்த்தார் கலியமூர்த்தி. அப்போது முன்னால் வந்தவர் பூவராகவன். தமிழ்செல்விக்குச் சித்தப்பா முறை, டில்லியில் மத்திய அரசாங்க குமாஸ்தா, மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். "அண்ணே, இதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அழைத்து வந்தார். மூத்தவளோடு இவள் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ள மாட்டாள் என்றும் அண்ணனிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

தமிழ்செல்வி மூன்று வருஷமும் வாய் திறக்காமல் படித்தாள். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும், ஏழு மணி அடித்துக் கட்டணம் குறைந்ததும், கேட்டுக்கு எதிரே சர்தார்ஜியின் எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியூர்ப் போன் பேசப் போவாள். ஜனவரியில் ஒரு நாள் கண் வீங்கித் திரும்பி வந்தாள்.

"செல்விக்கா, ஏன் அழறே? யார் என்ன சொன்னா?" என்று கேட்டாள் சுபாஷிணி.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அக்காகிட்ட பேசிட்டு வந்தேன். அது முழுவாம இருக்குது சுபா. ஆத்தா பக்கத்துல இல்ல, யாரும் இல்ல. மருந்துக் கடையில போய் ஒக்காந்து என் போனுக்குக் காத்துக் கெடக்குது."

"உங்க சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவ்வளவுதான். நீயும் யாருகிட்டயும் வாய தொறக்காத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் சுபாஷிணி. அப்போது மனசார அப்படித்தான் சொன்னாள்.

பட்டப்பெயர் எழுதிய அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ரிப்பனும் பசையும் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். கூட ஸ்நேகா. விமானப்படை அதிகாரியின் மகள், ஊர் ஊராக வளர்ந்ததில் அவள் தமிழில் பாதி இந்தி. ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. தமிழ்செல்விக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"புஸ்தகப் பூச்சின்னு போடு, ஜல்தி" என்றாள் ஸ்நேகா.

"ஏற்கெனவே அஞ்சு பூச்சி இருக்கு. ஆறாவதுக்கு யாரும் சிரிக்க மாட்டா."

"தோ ஃபிர்? வேற என்ன? அந்த செல்வி தீதி மூணு வருஷமா என்ன பண்ணிச்சுன்னு பகவானுக்கே தெரியாது. நீதானே ரூம்மேட், சொல்லு."

சுபாஷிணி கத்தரிக்கோலைக் கையில் சுழற்றினாள். "செவ்வாய், சனி ஏழு மணிக்கு பூத்துக்குப் போவா. அதை வெச்சுக்கலாமா?"

ஸ்நேகா மேஜையைத் தட்டினாள். "எஸ்.டி.டி. ராணி. ஹோ கயா, முடிஞ்சது." அவளே அட்டையில் கிண்டல் வரிகளையும் இந்தியில் எழுதினாள். கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'அந்தப் பக்கம் இருக்கும் அதிர்ஷ்டசாலி யார் என்பது சர்தார்ஜிக்கு மட்டுமே வெளிச்சம்.' படித்துக் காட்டினாள். சுபாஷிணி சிரித்தாள். அடித்துவிடு என்று சொல்லவில்லை. அக்காவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே, பூத் என்றுதானே சொன்னேன் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கணக்கு அப்போது சரியாகவே வந்தது.

சனிக்கிழமை விருந்து. சிவப்பும் வெள்ளையுமாக ஷாமியானா, கோல்கப்பா வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஜெனரேட்டருக்கு வேலையே வைக்காமல் மின்சாரம் ஒரு தடவைகூடப் போகவில்லை. பொறுப்பாளர்களில் முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். முதலில் வார்டன் பேச்சு, பிறகு ஒரு நடனம், அப்புறம் பட்டப்பெயர். சுபாஷிணி ஒலிபெருக்கியைப் பிடித்தாள், ஸ்நேகா ரிப்பன் மாட்டினாள். நாலைந்து பெயர் வாசித்ததுமே சிரிப்பு கட்டுக்கடங்காமல் கிளம்பியது. விருந்தாளிகளும் கைதட்டினார்கள். ஷாம்புக்காரியின் மாமா எழுந்து நின்று, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சாட்சி சொன்னார்.

இத்தனை பேர் அவள் பேச்சுக்குச் சிரித்ததே கிடையாது. உடம்பெல்லாம் லேசாகிப் போனது அவளுக்கு.

அடுத்த அட்டையை எடுத்தாள். 'தமிழ்செல்வி.' நிமிர்ந்தாள். இரண்டாவது வரிசை ஓரத்தில் பூவராகவன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் மடித்த கைக்குட்டை. பக்கத்தில் அவர் மனைவி ஜெயலட்சுமி பட்டுப்புடவையில். தன் வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டதும் அவர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பெருமை பொங்கியது.

அந்த நொடியில் சுபாஷிணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கண்ணுகளா. இதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு நேரம் இருந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புஸ்தகப் பூச்சி என்று சொல்லியிருக்கலாம், ஆறாவது பூச்சியால் யாரும் செத்துவிட மாட்டார்கள். அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கூட்டம் அடுத்த சிரிப்புக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதைச் சப்பென்று ஆக்க மனசு வரவில்லை.

வாசித்தாள். கடைசி வரியையும் விடாமல் வாசித்தாள்.

பந்தலே அதிர்ந்தது. தமிழ்செல்வி மேடையில் நின்று ரிப்பனுக்குத் தோளைக் கொடுத்தாள். பூவராகவன் மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் டில்லியில் இருந்தவருக்கு இந்தி ஒரு சொல் விடாமல் புரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்துவிட்டார். மாடியில் தமிழ்செல்வி துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ரிப்பனையும் நாலாக மடித்து மேஜைமேல் வைத்திருந்தாள்.

"செல்விக்கா, எங்கே கிளம்பறே?"

"சித்தப்பா கீழ நிக்கறாங்க. வியாழக்கிழம வண்டிக்கு டிக்கெட் போட்டாச்சாம். ஊருக்குப் போவணும்."

"பரீட்சை?"

தமிழ்செல்வி பெட்டியை அழுத்தி மூடினாள். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வியாழக்கிழமை வண்டி ஏறினால் மூன்று வருஷப் படிப்பும் அங்கேயே நின்றுபோகும்.

"நான் உங்க சித்தப்பாகிட்ட சொல்றேன். அது உன்னோட அக்கான்னு சொல்லிட்டா..."

"சொல்லாத." அவள் குரல் எழும்பவேயில்லை. "அக்கான்னு தெரிஞ்சா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. அப்பாவுக்குப் போவும். அப்பாவோட நிக்காது. எட்டு மாசம் அதுக்கு. எவனோ ஒருத்தன்கூடப் பேசினேன்னு நெனச்சிக்கிட்டா நெனச்சிக்கட்டும்."

"நான்..."

"நீ ஏன் சுபா அத சொன்ன?" என்று கேட்டாள். திட்டுகிற மாதிரி இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள் என்பது ஒரு பதிலா?

வார்டனிடம் ஓடினாள். பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறார், நான் எப்படித் தடுப்பேன் என்று வார்டன் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார்.

அன்றைக்கும் மறுநாளும் அவளைப் பார்த்தவர்களெல்லாம் முதுகைத் தட்டினார்கள். இப்படி ஒரு விருந்து இந்த ஹாஸ்டலில் நடந்ததே இல்லை என்றார்கள். டென்ட்வாலா ஆட்கள் கம்பங்களைப் பிடுங்கும்போது, அடுத்த வருஷமும் எங்களையே கூப்பிடுங்கள் என்றார்கள். அவள் தலையாட்டினாள். தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"தூ பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? ஒரு ஜோக்தானே" என்றாள் ஸ்நேகா. "அந்த அங்கிளுக்குச் சிரிக்கத் தெரியலேன்னா நம்ம தப்பா?"

"கடைசி வரியை நீ எழுதினே. படிச்சது நான்."

"அதான் சொல்றேன், ரெண்டு பேரும்தான். நீ மட்டும் ஏன் சாப்பிடாம கெடக்கறே?"

"நான் அவர் மூஞ்சியைப் பாத்துண்டே படிச்சேன், ஸ்நேகா."

ஸ்நேகா தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுபாஷிணி மோதி பாக்குக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரு பொய்யைப் புரட்டிப் புரட்டி ஒத்திகை பார்த்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, செல்வியும் பரீட்சை எழுத வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் தெரிந்தது, பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது.

ஜெயலட்சுமிதான் கதவைத் திறந்தாள். பூவராகவன் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். "ஒக்காரும்மா" என்றார். அவர் உட்காரவில்லை.

"மாமா, அன்னிக்கு அட்டை மாறிப்போச்சு. அந்தப் பூத்துக்குப் போறது செல்விக்கா இல்லை. நான்தான்."

"நீயா?"

"ஆமாம் மாமா. நான்தான் செவ்வாயும் சனியும்."

"எந்த ஊருக்கு?"

"பம்பாய்."

"யாரு அங்க?"

"ஒரு... தெரிஞ்சவர்."

பூவராகவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு போன் இருந்த மேஜைக்குப் போனார். "ஒங்கப்பா நாக்பூர்லதானே? வீட்டு நம்பரு சொல்லு."

"எதுக்கு மாமா?"

"ஒருத்தரு பொண்ணுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிட்டு இந்தப் பாடு படறேன். இன்னொருத்தரு பொண்ணு என் வீட்டுக்கே வந்து இப்படிச் சொல்லும்போது காதுல வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தா, நாளைக்கு அவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? தகப்பனுக்குத் தெரியணும். சொல்லு."

இதை அவள் ஒத்திகையில் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் முகம் கண்முன் வந்தது. ஆபீஸிலிருந்து வந்து காலை நீட்டிப் பேப்பர் படிக்கும் நேரம். என்றாலும் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், அவர் ஒவ்வொன்றாகச் சுழற்றினார். கடைசி எண்ணுக்கு டயல் திரும்பி வருவதற்குள் உள்ளறையிலிருந்து தமிழ்செல்வி வந்து போனின் கொக்கியை விரலால் அழுத்தினாள்.

"அது பொய் சொல்லுது சித்தப்பா. நான்தான் பேசினேன். தாமரையக்காகிட்ட பேசினேன்."

ரிசீவர் அவர் கையிலேயே இருந்தது.

"அது முழுவாம இருக்குது. எட்டு மாசம். பெத்தவங்க யாரும் இல்ல. வாரத்துல ரெண்டு தடவ பேசறேன், மூணு வருசமா. எங்க இருக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க சித்தப்பா. நான் சொல்ல மாட்டேன்."

ஜெயலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூவராகவன் ரிசீவரை மெல்ல வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பையன் என்று அவள் சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒங்கப்பனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்" என்றார் தரையைப் பார்த்து. "மூணு வருசமா என்னைப் பொய்யனாக்கி வெச்சிருக்க."

பிறகு நிமிர்ந்தார்.

"வியாழக்கிழம டிக்கெட்ட கேன்சல் பண்றேன். பரீட்ச எழுது. இங்க இருந்தே போய் எழுது, நானே கூட்டிக்கிட்டுப் போயி நானே கூட்டியாறேன். முடிஞ்ச மறுநாள் வண்டி. எம்.ஏ. படிக்கறேன்னு சொன்னியே, அத மறந்துடு. பூத்துப் பக்கம் கால் வெக்கக் கூடாது." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல் சுபாஷிணி பக்கம் திரும்பினார். "விருந்து நல்லா ஏற்பாடு பண்ணியிருந்தம்மா. சாப்பாடு நல்லா இருந்துது."

கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலை. மரியாதைக்குச் சொன்னார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

படிவரை தமிழ்செல்வி கூட வந்தாள்.

"என்னை மன்னிச்சுடு, செல்விக்கா."

"நீ இங்க வராம இருந்திருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். ஒங்கப்பாவுக்குப் போன் போவுதேன்னுதான் சொன்னேன்." ஒரு படி இறங்கி, "பரீட்சையாவது எழுதறேன், விடு" என்றாள். பிறகு சுபாஷிணியின் நோட்டை வாங்கி ஓரத்தில் ஒரு நம்பரை எழுதினாள். "இன்னிக்குச் செவ்வாக்கிழம. சனிக்கிழமையும் விருந்துன்னு நான் பேசல. ஏழு மணிக்கு வந்து ஒக்காந்திருக்கும். போன் வரலன்னா பயந்துக்கும். நீ பேசு."

"என்ன சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லு."

ஏழு மணிக்குச் சர்தார்ஜி பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நம்பரைச் சுற்றினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"செல்வியா? ஏன்டி சனிக்கிழம பேசல?"

"நான் செல்வி இல்லை. அவளோட ரூம்மேட், சுபாஷிணி." பிறகு சொன்னாள். பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் பார்த்தாள், முடியவில்லை. விருந்து, பட்டப்பெயர், சித்தப்பா, பொய் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் செய்துகொடுத்ததையும் சொன்னாள். எதிர்ப்பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"நாங்க இருக்கற எடம்?"

"சொல்லலை. அவர் கேக்கவும் இல்லை."

"பரீட்ச எழுதுதா?"

"எழுதறா."

"சாப்பிடுதா?"

"தெரியலை. நான்... பாக்கலை."

"அங்கவரைக்கும் போன, அத பாக்காம வந்துட்டியா?" என்றாள் செந்தாமரை. "கோவம் வந்தா அது சாப்பிடாது. சின்னதுலேருந்து அப்படித்தான். சனிக்கிழம போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." வைத்துவிட்டாள்.

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். இல்லாவிட்டால் நாலு வசவாவது. இரண்டும் வரவில்லை.

சனிக்கிழமை மறுபடி மோதி பாக். இந்தத் தடவை பூவராகவனே கதவைத் திறந்தார்.

"என்னம்மா?"

"செல்விக்கா சரியா சாப்பிடறாளான்னு கேக்க வந்தேன் மாமா."

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

பொய் ஒன்று வாய்க்குத் தயாராக வந்தது. அதை விழுங்கினாள். "அவ அக்கா."

அவர் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கீழே தெருவில் சைக்கிளில் காய்கறி விற்பவன் கூவிக்கொண்டு போனான். பிறகு பூவராகவன் உள்ளே பார்த்து, "ஜெயா, இந்தப் பொண்ணுக்குச் செல்விகிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைத் தாண்டி, படியிறங்கிப் போனார். கதவு திறந்தே இருந்தது.

அப்படியே பரீட்சை முடியும்வரை நடந்தது. செவ்வாயும் சனியும் அவர் வெளியே போய்விடுவார், சுபாஷிணி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து பூத்தில் சொல்லுவாள். இட்லி இரண்டு, தயிர்சாதம் கொஞ்சம், நேற்று மட்டும் ஒன்றும் இல்லை என்று அத்தனையும் சொல்லுவாள். குழந்தை பிறந்த செய்தியையும் அவள்தான் வாங்கிக்கொண்டு மோதி பாக்குக்கு ஓடினாள், பெண் குழந்தை. தமிழ்செல்வி பரீட்சை எழுதி முடித்தாள், மறுநாள் வண்டி ஏறினாள். எம்.ஏ. படிக்கவில்லை. ரயிலடியில் சுபாஷிணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சுபாஷிணியும் கேட்கவில்லை. வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். அந்தச் சிரிப்பு ஒருத்தர் தலையிலும் இடியாக விழாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் எத்தனை தூரத்தில் இருந்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்க அவளுக்கு ஒரு குரல் இருக்கட்டும். உங்கள் வாசல் யாருக்காவது எப்போதும் திறந்தே இருக்கட்டும்.